எட்டு மணி மாத்திரை

2013 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கையில் ஒரு கணக்கு மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் நின்றது. 2005 முதல் 2012 வரை உலகம் முழுக்க எய்ட்ஸ் மரணங்கள் 30 சதவீதம் குறைந்திருந்தன. அதே காலத்தில் 10 முதல் 19 வயது வரையிலானவர்களிடையே அவை 50 சதவீதம் கூடியிருந்தன. வைரஸ் ஒன்றுதான், மாத்திரையும் ஒன்றுதான். பல ஊர்களில் மருத்துவமனையும் அதன் வாசலில் நீளும் வரிசையும்கூட ஒன்றுதான். தாய் பிழைத்துக்கொள்கிறாள், மகள் இறந்துபோகிறாள்.

இந்த முரணில் ஒரு பகுதிக்கு விடை எளிது. தாயிடமிருந்து வைரஸ் தொற்றிய குழந்தைகளில், மருந்து கிடைக்காவிட்டால் ஏறத்தாழ பாதிப் பேர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. மீதிப் பேரில் சிலர் எப்படியோ தாக்குப்பிடித்துப் பத்து, பன்னிரண்டு வயது வரை வந்துவிடுகிறார்கள். வயதுக்கேற்ற உயரம் இருக்காது, இருமல் ஓயாது, பூப்பெய்துவது தள்ளிப்போகும். ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் ரஷிதா ஃபெராண்டும் அவர் குழுவினரும் பொது மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட வளரிளம் பருவத்தினரைப் பரிசோதித்தபோது, கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. அவர்களில் பலருக்கு அதுவரை அது தெரியாது. கணக்கில் வராமலே வளர்ந்த ஒரு தலைமுறை, இறக்கும் தறுவாயில்தான் கணக்கில் சேர்ந்தது.

இன்னொரு பகுதிதான் கடினமானது. நோய் கண்டறியப்பட்டு, பெயர் பதிவாகி, மாதாமாதம் இலவசமாக மாத்திரை வாங்கிச் சென்ற பிள்ளைகளும் இறந்தார்கள். மருந்து வீட்டில்தான் இருந்தது, வயிற்றுக்குள் போகவில்லை. அதே தெருவில், அதே மாதிரித் தகரக் கொட்டகையில் இன்னொரு பிள்ளை தவறாமல் விழுங்குகிறது, பள்ளியை முடிக்கிறது, வேலைக்குப் போகிறது, தனக்கென்று ஒரு குடும்பத்தை அமைத்துக்கொள்கிறது. இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டுக்கு உளவியலாளர்கள் வைத்திருக்கும் பெயர் மீள்திறன். அது பிள்ளைக்குள்ளே இருக்கிறதா, பிள்ளையைச் சுற்றி இருக்கிறதா என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி. விடை தேடுவதற்குத் தென்னாப்பிரிக்காவை விடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. எழுபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் எச்.ஐ.வி.யோடு வாழும் நாடு அது. உலகில் வேறெங்கும் இவ்வளவு பேர் இல்லை.

அந்த நாட்டின் இன்றைய இளைஞர்களில் பலர் பிறக்கும்போதே இந்த வைரஸோடு பிறந்ததற்கு இயற்கையை மட்டும் குறை சொல்லிவிட முடியாது. நெவிரபின் என்ற மருந்தைப் பிரசவ வேளையில் தாய்க்கு ஒரே ஒரு முறையும், பிறந்ததும் குழந்தைக்கு ஒரு முறையும் கொடுத்தால் தொற்று கிட்டத்தட்ட பாதியாகக் குறையும் என்பதை உகாண்டாவில் நடந்த ஆய்வு 1999-லேயே காட்டிவிட்டது. தயாரித்த நிறுவனம் அதை ஏழை நாடுகளுக்கு ஐந்தாண்டுகள் இலவசமாகத் தரவும் முன்வந்தது. அதிபர் தாபோ எம்பெக்கியோ எய்ட்ஸுக்கு எச்.ஐ.வி.தான் காரணமா என்று விவாதித்துக்கொண்டிருந்தார். 2000 ஜூலையில் டர்பன் நகரில் கூடிய பன்னாட்டு எய்ட்ஸ் மாநாட்டில் 11 வயதுச் சிறுவன் என்கோசி ஜான்சன் மேடையேறி, கர்ப்பிணித் தாய்மார்களுக்கு மருந்து கொடுக்கும்படி அரசைக் கேட்டான். அவனும் வைரஸோடு பிறந்தவன்தான். அடுத்த ஆண்டு ஜூன் 1-ஆம் தேதி இறந்துபோனான்.

ஸாக்கி அஹ்மத் முதலானோர் 1998-இல் தொடங்கிய சிகிச்சைக்கான போராட்ட இயக்கம் வழக்குத் தொடுத்தது. கர்ப்பிணிகளுக்கு நெவிரபின் கொடுத்தே ஆகவேண்டும் என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2002 ஜூலையில் தீர்ப்பளித்தது. எல்லோருக்குமான கூட்டு மருந்துச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் தொடங்க 2004 ஆயிற்று. 2000 முதல் 2005 வரையிலான தாமதத்தின் விலையை ஹார்வர்டு ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டார்கள். 3,30,000 உயிர்கள் போயின, 35,000 குழந்தைகள் தடுத்திருக்கக்கூடிய தொற்றோடு பிறந்தார்கள். மீள்திறனைப் பற்றிப் பேசுகிற எவரும் இந்த எண்ணைத் தாண்டிக் குதித்துவிடக் கூடாது. அந்தப் பிள்ளைகள் எதிலிருந்து மீள வேண்டியிருந்ததோ, அதில் ஒரு பங்கை அவர்கள் மீது சுமத்தியது அவர்களுடைய அரசு.

மருந்தின் விலை இறங்கியதில் இந்தியாவுக்கு ஒரு பங்கு உண்டு. ஓர் ஆளுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்றுக்கொண்டிருந்த கூட்டு மருந்தை, எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு 350 டாலருக்குத் தருவதாக மும்பையின் சிப்லா நிறுவனம் 2001 பிப்ரவரியில் அறிவித்தது. அதே ஆண்டு மே மாதம் அந்த அமைப்பு கேப்டவுன் நகரத்தின் விளிம்பில், மணலும் காற்றும் அலைக்கழிக்கும் காயெலிட்ஷா குடியிருப்பில் மாத்திரை கொடுக்கத் தொடங்கியது. ஆப்பிரிக்க ஏழைகளுக்கு நேரம் பார்த்து மருந்து சாப்பிடத் தெரியாது என்று வல்லரசு நாடுகளின் அதிகாரிகள் அப்போது பேசிக்கொண்டிருந்தார்கள். காயெலிட்ஷாவின் பெரியவர்கள், பணக்கார நாட்டு நோயாளிகளுக்குச் சற்றும் குறையாமல் மருந்து எடுத்துக் காட்டினார்கள். தடுமாறியது அவர்களுடைய பிள்ளைகள்.

ஒரு மாத்திரையைத் தவறவிட்டால் என்னதான் ஆகும் என்று கேட்கலாம். மருந்தில்லாத உடலில் இந்த வைரஸ் நாளொன்றுக்குச் சுமார் ஆயிரம் கோடி பிரதிகளை உண்டாக்குகிறது. பிரதியெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தத் தெரியாது. ஆகவே ஏறக்குறைய சாத்தியமான எல்லாப் பிழைகளும் ஏதோ ஒரு பிரதியில் ஒவ்வொரு நாளும் நிகழ்ந்துவிடுகின்றன. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது இதனால்தான். ஒரே பிரதியில் மூன்றையும் ஏமாற்றும் பிழைகள் ஒருசேர அமைவது மிக மிக அரிது. ஆனால் மூன்று மருந்துகளும் உடலை விட்டு ஒரே வேகத்தில் வெளியேறுவதில்லை. நெடுங்காலம் அரசு மருத்துவமனைகளில் கொடுக்கப்பட்ட எஃபாவிரென்ஸ் ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் இரண்டு நாள் ஆகும். சில நாள் தொடர்ந்து விழுங்காமல் விட்டால் துணை மருந்துகள் கரைந்து, எஃபாவிரென்ஸ் தனியாளாய் நிற்கும் ஒரு இடைவெளி உண்டாகிறது. அந்த மருந்தைத் தோற்கடிக்க வைரஸுக்கு ஒரே ஒரு எழுத்துப்பிழை போதும்.

மருந்தை நிறுத்திவிடவும் முடியாது. வைரஸ் சில வெள்ளணுக்களின் மரபணுத் தொகுப்புக்குள் தன்னைச் செருகிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் சும்மா கிடக்கும், நீறு பூத்த நெருப்பாக. மாத்திரை அதைத் தொடுவதில்லை. ஆகவே எல்லா நாளும், வாழ்நாள் முழுக்க, சாப்பிட வேண்டும். தென்னாப்பிரிக்காவில் பலருக்கு அந்த நேரம் இரவு எட்டு. ‘ஜெனரேஷன்ஸ்’ என்ற தொலைக்காட்சித் தொடர் தொடங்கும் நேரம் அது. நினைவில் வைக்க வசதி என்று ஆலோசகர்களே அந்த நேரத்தைச் சொல்வதுண்டு.

பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அந்த எட்டு மணி எப்படிப்பட்டது என்று நினைத்துப் பாருங்கள். ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில், ஈஸ்ட் லண்டன் துறைமுக நகரத்துக்கு வெளியே ம்டன்ட்சானே என்றொரு டவுன்ஷிப் இருக்கிறது. 1960-களில் நிறவெறி அரசு நகரத்துக்குள் வாழ்ந்த கறுப்பின மக்களைப் பெயர்த்துக் கொண்டுபோய்க் குடியேற்றிய இடம், இன்று நாட்டின் மிகப் பெரிய டவுன்ஷிப்புகளில் ஒன்று. உலகச் சாம்பியன் குத்துச்சண்டை வீரர்களைத் தந்த ஊர் என்பதில் அங்குள்ளவர்களுக்குப் பெருமை உண்டு. ஓரிரு அறை வீட்டில் பாட்டி, சித்தி, ஒன்றுவிட்ட தம்பி தங்கைகள் எல்லாரும் இருக்கிறார்கள். அம்மா இறந்து ஆண்டுகள் ஆகியிருக்கலாம். எதனால் இறந்தாள் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வாரக் கடைசியில் விருந்தாளி வந்தால் மாத்திரை டப்பாவை எங்கே வைப்பது? பள்ளிச் சுற்றுலாவுக்குப் போனால் பைக்குள் அது குலுங்கும் சத்தத்தை எப்படி அடக்குவது? எஃபாவிரென்ஸ் விழுங்கிய பிறகு தலை சுற்றும், விபரீதமான கனவுகள் வரும். வெறும் வயிற்றில் எந்த மாத்திரையும் குமட்டும். சிறு குழந்தைகளுக்குக் கொடுத்த லோபினாவிர் திரவ மருந்தின் கசப்பு எவ்வளவு சர்க்கரைக்கும் அடங்காதது.

பல வீடுகளில் பிள்ளைக்கு உண்மையே சொல்லப்படுவதில்லை. ஆஸ்துமாவுக்கு என்பார்கள், காசநோய்க்கு என்பார்கள், அல்லது கேள்வி கேட்காமல் விழுங்கு என்பார்கள். சொல்லத் தயங்கும் பெரியவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொன்னால், யாரிடமிருந்து வந்தது என்ற அடுத்த கேள்விக்கும் விடை சொல்ல வேண்டும். இந்த நோயின் பெயரை வாய்விட்டுச் சொல்லாமல் ‘மூன்றெழுத்து’ என்று ஜாடையாகப் பேசும் ஊர்களில், ஒரு பாட்டி தன் இறந்துபோன மகளைப் பேரப்பிள்ளை முன் எப்படிக் கூண்டில் ஏற்றுவாள்?

மீள்திறனைத் தேடிப் போன அறிவியல் முதலில் பார்த்தது பிள்ளைக்கு உள்ளேதான். வறுமையிலும் மனநோயாளிப் பெற்றோரிடமும் வளர்ந்தும் நல்லபடியாக வந்த பிள்ளைகளை 1970-களின் அமெரிக்க உளவியலாளர்கள் சிலர் ‘காயப்படாத பிள்ளைகள்’ என்றே அழைத்தார்கள். ஏதோ பிறவிக் கவசம் ஒன்று இருப்பதாக எண்ணம். அந்த எண்ணத்தைக் கலைத்த ஆய்வுகளில் தலையாயது ஹவாயின் கவாய் தீவில் நடந்தது. அங்கே 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் குழுவினர் நாற்பது வயது வரை பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடிகாரத் தகப்பன், ஓயாத சண்டை என்று பல இடர்கள் ஒருசேரக் கவிந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒருவர் நல்ல நிலைக்கு வந்தார். மலர்ந்த சுபாவம் போன்ற சில குணங்களுக்கு அதில் பங்கு இருந்தது. அவர்கள் ஏறக்குறைய எல்லோரிடமும் இருந்த இன்னொன்று, சிறு வயதில் பாசம் மாறாத பெரியவர் ஒருவர். பெற்றவராக இருக்க வேண்டியதில்லை. பாட்டி, அத்தை, ஆசிரியர், யாராக இருந்தாலும் சரி. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஆன் மாஸ்டன் 2001-இல் அதுவரையிலான ஆய்வுகளைத் தொகுத்து, மீள்திறனில் அபூர்வம் ஏதுமில்லை, சாதாரணமான உறவுகளும் அமைப்புகளும் தம் வேலையைச் செய்வதன் விளைவே அது என்று எழுதினார். கனடாவின் மைக்கேல் உங்கர் இன்னும் ஒரு படி போனார். வேண்டியவற்றைத் தேடி அடைவது பிள்ளையின் பாதி வேலை. தேடிப் போன இடத்தில் அவை இருக்கவேண்டியது சுற்றியுள்ள உலகத்தின் வேலை என்றார்.

உடலுக்குள்ளேயே ஒரு கவசம் உள்ள பிள்ளைகளும் உண்டு என்பதை இங்கே மறைக்கக் கூடாது. வைரஸோடு பிறந்து, மருந்தே இல்லாமல், நோயெதிர்ப்பு அணுக்கள் குறையாமல் வளரும் பிள்ளைகள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் இருக்கிறார்கள். ஃபிலிப் கோல்டர் குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில் தென்னாப்பிரிக்காவின் அப்படிப்பட்ட 170 பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களின் ரத்தத்தில் வைரஸ் ஏராளம். ஆனால் அவர்களுடைய நோயெதிர்ப்பு மண்டலம் அதோடு மல்லுக்கட்டிக் களைத்துப்போகவில்லை, பெரும்பாலும் அமைதியாக இருந்தது. ஆப்பிரிக்கக் காடுகளில் இந்த வைரஸின் பங்காளியைச் சுமந்துகொண்டு நோயில்லாமல் வாழும் மங்காபி குரங்குகளிடம் காணப்படும் உத்தி அது. உயிரியலாக மிக அழகான கண்டுபிடிப்பு இது, எதிர்கால மருந்துகளுக்கு வழி காட்டவும் கூடும். ஆனாலும் மீதித் தொண்ணூறு பேருக்கு அது இன்று ஒரு வேளை மாத்திரைக்கும் ஈடாகாது.

அந்தத் தொண்ணூறு பேரைத் தேடி 2014-இல் ம்டன்ட்சானேக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் ஓர் ஆய்வுக் குழு போனது. லூசி குளூவர், எலோனா டோஸ்கா, ரெபெக்கா ஹோட்ஸ் ஆகியோர் ஆக்ஸ்ஃபோர்டு, கேப்டவுன் பல்கலைக்கழகங்களின் சார்பில் நடத்திய அந்த ஆய்வின் பெயர் ‘ம்ஸான்ட்ஸி வாக்கோ’. அதன் முறையே அதன் சிறப்பு. மருத்துவமனை வாசலில் நின்று நோயாளிகளை எண்ணினால், மருத்துவமனைக்கு வருகிறவர்கள் மட்டும்தான் கணக்கில் வருவார்கள். வராமல் நின்றுபோனவர்களைப் பற்றித்தானே தெரியவேண்டும்? ஐம்பதுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள், சுகாதார நிலையங்களின் பதிவேடுகளைத் துருவி, எப்போதாவது மருந்து தொடங்கிய 10 முதல் 19 வயதுப் பிள்ளைகள் ஒவ்வொருவரின் பெயரையும் எடுத்து, வீடு வீடாகத் தேடிப் போனார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சந்தித்துவிட்டார்கள். ஆய்வாளர் எந்த வீட்டுக்குப் போகிறாரோ அந்த வீட்டில் மூன்றெழுத்து இருக்கிறது என்று தெருவே பேசுமே! அதனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கானோரையும் சேர்த்தே பேட்டி கண்டார்கள். இளையோருக்கு என்னென்ன சேவைகள் தேவை என்ற பொது ஆய்வாகவே அதை ஊருக்கு அறிமுகம் செய்தார்கள். ஒரு பிள்ளையின் ரகசியத்தைக் காப்பாற்ற ஆய்வின் செலவையே கூட்டிக்கொள்ளத் துணிந்தவர்களிடம், அந்தப் பிள்ளைகள் உண்மையைச் சொன்னதில் வியப்பில்லை.

என்ன சொன்னார்கள்? கடந்த ஒரு வாரத்தில் மாத்திரையைத் தவறவிட்டதாக மூன்றில் ஒருவருக்கும் மேல் ஒப்புக்கொண்டார்கள். தங்களுக்கு என்ன நோய் என்று தெரிந்த பிள்ளைகள் தெரியாதவர்களை விட ஒழுங்காக மருந்து எடுத்தார்கள். பிறவியிலேயே தொற்றியவர்களில், பன்னிரண்டு வயதுக்கு முன்பே உண்மை சொல்லப்பட்டவர்கள் இன்னும் மேலாக இருந்தார்கள். குழந்தை தாங்காது என்று பெரியவர்கள் மறைக்கிறார்கள். குழந்தை தாங்கியது, அதுவும் சீக்கிரம் சொன்னால் நன்றாகவே தாங்கியது.

2016-இல் வெளிவந்த இன்னொரு கணக்கு இந்த அத்தியாயத்தின் இதயம். போதிய சாப்பாடு, கவனித்துக்கொள்ளும் பெரியவரின் மேற்பார்வை, எச்.ஐ.வி. ஆதரவுக் குழு ஆகிய மூன்றை எடுத்துக்கொண்டார்கள். மூன்றும் இல்லாத பிள்ளைகளில் 54 சதவீதம் பேர் அந்த வாரம் மாத்திரையைத் தவறவிட்டிருப்பார்கள் என்று அவர்களின் கணிப்பு காட்டியது. ஏதாவது ஒன்று இருந்தால் அது சுமார் 40-ஆகக் குறைந்தது. இரண்டு இருந்தால் 28. மூன்றும் இருந்தால் 18. இது பிள்ளைகளே சொன்ன விவரங்களை வைத்துச் செய்த புள்ளியியல் கணிப்பு. சோற்றைக் கொடுத்துப் பார்த்துச் செய்த பரிசோதனை அல்ல. நன்றாகக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்துக்குச் சாப்பாடும் சேர்ந்தே அமைந்திருக்கலாம். அந்த எச்சரிக்கையை முழுமையாக ஏற்றுக்கொண்ட பிறகும் அந்தச் சரிவு என்னை உலுக்குகிறது. வைரஸை வெல்லும் மூன்றில் ஒன்று ஒரு தட்டுச் சாப்பாடு. இன்னொன்று, எட்டு மணிக்கு ‘போட்டுக்கொண்டாயா?’ என்று கேட்கும் ஒரு குரல். மூன்றாவது, இந்த நோயோடு வாழும் இன்னொரு பிள்ளையின் பக்கத்தில் உட்காரக் கிடைக்கும் ஓர் இருக்கை. இவற்றில் எதையும் பிள்ளையின் மன உறுதி என்று கணக்கெழுத முடியாது.

மருத்துவமனைக்குத் தொடர்ந்து வருவதைப் பற்றி 2018-இல் இதே குழு வெளியிட்ட கணக்கில் காரணிகள் ஐந்து. மருந்து தீர்ந்துபோகாமல் கையிருப்பில் இருப்பது, ஊழியர்களுக்குப் பிள்ளையோடு பேச நேரம் இருப்பது, மருத்துவமனைக்குத் துணைக்கு யாராவது வருவது, பாதுகாப்பாகப் போய்வரக் கையில் காசு இருப்பது, ஊழியர்கள் அன்பாக நடந்துகொள்வது. ஐந்தும் இல்லாத பிள்ளை ஒழுங்காகச் சிகிச்சையில் நீடிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்று. ஐந்தும் இருந்தால் கிட்டத்தட்ட எழுபது.

கடைசிக் காரணியைச் சிலர் சில்லறை விஷயமாக நினைக்கலாம். ஒரு மாதம் வராமல் இருந்து மறுமாதம் வரும் பிள்ளையை ‘டிஃபால்டர்’ என்று கூப்பிடுவது அங்கே வழக்கம். கடன் கட்டாதவருக்கு உரிய பட்டம் அது. கூடம் நிறைந்த ஆட்கள் முன்னால் அப்படித் திட்டு வாங்கிய பதினாறு வயதுப் பெண் அடுத்த மாதம் எதற்காக வருவாள்? வன்முறையைப் பற்றி அதே ஆய்வுக் குழு செய்த இன்னொரு ஆய்வு இதற்கு எண்ணையும் தந்தது. வீட்டில் அடி, வீட்டுப் பெரியவர்களுக்குள் அடிதடியைப் பார்த்து வளர்வது, பள்ளியில் ஆசிரியரின் அடி, சுகாதார ஊழியரின் ஏச்சு ஆகிய நான்கும் தனித்தனியே மாத்திரை தவறுவதோடு தொடர்புடையவையாக இருந்தன. எதுவும் அனுபவிக்காத பிள்ளைகளில் நால்வரில் ஒருவர் தவறவிட்டார். நான்கையும் அனுபவித்தவர்களில் ஏறக்குறைய நால்வரில் மூவர். தென்னாப்பிரிக்கப் பள்ளிகளில் பிரம்படியைச் சட்டம் 1996-லேயே தடை செய்துவிட்டது. அந்தச் சட்டத்தை ஒழுங்காக நடைமுறைப்படுத்தியிருந்தாலே அது ஓர் எய்ட்ஸ் தடுப்புத் திட்டமாகவும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

தொடர்பைக் காட்டும் கணக்குகளை விட்டு, செய்து பார்த்த பரிசோதனைக்கு வருவோம். ஹராரேயில் 2004-இல் எச்.ஐ.வி.யோடு வாழும் சில பிள்ளைகள் தங்களுக்குள் கூடிப் பேசுவதற்காகத் தொடங்கிய குழு ‘ஸ்வாந்திரி’. ஷோனா மொழியில் ‘நான் இருக்கிறபடி’ என்று பொருள். அது வளர்ந்து ஒரு முறையாயிற்று. எச்.ஐ.வி.யோடு வாழும் 18 முதல் 24 வயது இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஊக்கத்தொகை கொடுத்து, தங்களை விட இளையவர்களுக்குத் துணையாக அனுப்புகிறார்கள். அந்த அண்ணனோ அக்காளோ வீட்டுக்கு வருவார், கைபேசியில் விசாரிப்பார், மருத்துவமனை வரிசையில் கூட நிற்பார். மருத்துவர் ஆயிரம் முறை சொன்னாலும் நம்பாத ஒன்றை அவர் வாசலில் வந்து நிற்பதாலேயே பிள்ளை நம்பிவிடுகிறது. இந்த நோயோடு இருபத்திரண்டு வயது வரை வாழலாம், நன்றாக உடுத்தலாம், காதலிக்கலாம். வைரஸ் அளவு கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிட்டால் உடலுறவு வழியே அது பரவுவதில்லை என்பதும் பெரிய ஆய்வுகளில் உறுதியாகிவிட்டது. அந்த ஒரு செய்தி, தன்னை ஆபத்தான பொருளாக நினைத்துக்கொண்டிருக்கும் பதினேழு வயதுப் பிள்ளைக்கு என்ன செய்யும் என்பதை எந்த அளவுகோலாலும் அளக்க முடியாது.

ஜிம்பாப்வேயின் கிராமப்புற மாவட்டங்கள் இரண்டில், 16 மருத்துவ நிலையங்களில், 13 முதல் 19 வயது வரையிலான 500 பேரிடம் இந்த முறை சோதிக்கப்பட்டது. 2020-இல் வெளியான முடிவின்படி, 96 வாரங்களுக்குப் பிறகு வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 36 சதவீதத்தினர் வைரஸ் கட்டுக்கடங்காமல் இருந்தார்கள் அல்லது இறந்திருந்தார்கள். துணை கிடைத்தவர்களில் அது 25 சதவீதம்.

பின்னால் வந்த ஒரு சோதனை இன்னும் நுட்பமான பாடம் சொன்னது. மனச்சோர்வைக் குறைக்கும் ஒரு பேச்சுச் சிகிச்சையையும் அந்த இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்து, ஒரு பாதிக் குழுவில் அதையும் சேர்த்துப் பார்த்தார்கள். பிள்ளைகளின் மனநிலை தெளிவாக மேம்பட்டது. வைரஸ் அளவில் மட்டும் வேறுபாடு தெரியவில்லை. துணை என்பது இரண்டு குழுக்களுக்கும் ஏற்கெனவே கிடைத்திருந்தது, இரண்டிலுமே பெரும்பாலோர் வைரஸை அடக்கி வைத்திருந்தார்கள். இதைத் தோல்வி என்று சிலர் படிக்கக்கூடும். நான் அப்படிப் படிக்கவில்லை. ஒரு பிள்ளை குறைந்த துயரத்தோடு இருப்பது தன்னளவிலேயே ஒரு நல்ல முடிவு. ரத்தப் பரிசோதனை அதற்குச் சாட்சி சொல்ல வேண்டியதில்லை.

மருந்துகள் இதற்குள் நல்லபடியாக மாறின. 2019 இறுதியிலிருந்து தென்னாப்பிரிக்கா எஃபாவிரென்ஸுக்குப் பதில் டொலுடெக்ராவிர் கலந்த மாத்திரையைக் கொடுக்கத் தொடங்கியது. வைரஸ் அதை எதிர்த்துத் தப்புவது மிகக் கடினம், கனவுத் தொல்லையும் குறைவு. ஓரிரு நாள் தவறினாலும் மன்னிக்கும் மருந்து. ஆனால் அதையும் ஒருவர் விழுங்க வேண்டும்.

ம்டன்ட்சானேயில் அன்று பேட்டி கொடுத்த பிள்ளைகளில் பெரும்பாலோர் இப்போது இருபதுகளில் இருக்கிறார்கள். அவர்களில் பல பெண்கள் பதின்பருவத்திலேயே தாயானார்கள். அதே குழு, அதே வட்டாரத்தில், எச்.ஐ.வி. உள்ளவர்களும் இல்லாதவர்களுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளம் தாய்மார்களைப் பின்னர் சந்தித்தது. குழந்தையைப் பகலில் விட்டுவைக்க ஓர் இடம் கிடைத்த தாய்மார்கள் பள்ளிக்குத் திரும்பினார்கள். இது பெரிய தத்துவம் இல்லை. தாலாட்டவும் பால் காய்ச்சவும் ஓர் ஆள், பூட்டில்லாத ஒரு கதவு. மாதம் 330 ராண்டாக 2015-இல் இருந்த குழந்தை உதவித்தொகை 18 வயதோடு நின்றுவிடுகிறது. ஆனால் மாத்திரை நிற்பதில்லை. பிள்ளைகளுக்கான மருத்துவமனையிலிருந்து பெரியவர்களின் வரிசைக்கு அனுப்பப்படுவதும் பெரும்பாலும் அந்த வயதை ஒட்டித்தான். சாப்பாடு, பழகிய நர்ஸ், பேசிப் பழகிய குழு எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கைவிட்டுப் போகின்றன. அதன் பிறகும் தாக்குப்பிடிக்கிறவர்களைப் பார்த்து ‘என்ன மனத்திடம்!’ என்று வியக்கிறோம். அவர்களுக்கு மனத்திடம் நிச்சயமாக உண்டு, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. மூன்று பேர் தூக்க வேண்டியதை ஒருவர் தூக்கும்போது, அவர் தோள்வலிமையை மட்டும் பாராட்டிவிட்டு மற்ற இருவர் எங்கே போனார்கள் என்று கேட்காமல் நகர்வது நியாயமில்லை என்கிறேன்.

அந்தக் கேள்விக்கு 2025 தொடக்கத்தில் புதிய அவசரம் வந்தது. தென்னாப்பிரிக்கா தன் மாத்திரைகளில் பெரும்பகுதியைத் தன் சொந்தப் பணத்தில் வாங்குகிறது. எச்.ஐ.வி. செலவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அதுவரை அமெரிக்க நிதியாக இருந்தது. அது பெரும்பாலும் போனது மனிதர்களுக்கு: ஆலோசகர்கள், இளையோர் குழுக்களை நடத்துகிறவர்கள், வராமல் நின்றவர்களின் முகவரியைத் தேடிக்கொண்டு டவுன்ஷிப் சந்துகளில் நடந்து போகிறவர்கள். ஜனவரியில் வாஷிங்டன் அந்த நிதியை நிறுத்திவைத்தது. பிப்ரவரி கடைசியில் பல அமைப்புகளுக்கு ஒப்பந்தம் முடிந்தது என்று கடிதம் வந்தது. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். பண்டகசாலையில் மாத்திரை இருந்தது. மூன்று சதவீதத்தை எழுபதாக்கிய ஐந்து காரணிகளில் முதலாவது மட்டும் அப்படியே இருந்தது, மற்றவற்றைச் செய்துகொண்டிருந்தவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

தொற்று இருப்பது தெரிந்தும் சிகிச்சை தொடங்காதவர்கள், தொடங்கி நின்றுபோனவர்கள் என 11 லட்சம் பேரை அந்த ஆண்டு முடிவதற்குள் மருந்துக்குக் கொண்டுவருவோம் என்று தென்னாப்பிரிக்க அரசு சொவெட்டோவில் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது, 2025 பிப்ரவரி 25-ஆம் தேதி. அந்த 11 லட்சம் பேரின் வீட்டுக் கதவுகள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தவர்களுக்கு வேலைநீக்கக் கடிதம் வந்ததும் அதே வாரத்தில்தான்.